கதாசிரியன் செய்யும் கொலை

தொடர்கதை எழுதுகிறவன் தன் பாத்திரங்களைக் கொல்லலாமா? கொல்லலாம் என்றால் எத்தனை பேரை, எந்த வேளையில், என்ன காரணத்துக்காக? இப்படிக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள். காகிதத்தில் பிறந்தவர்கள் காகிதத்திலேயே மாண்டு போகிறார்கள், இதில் பாவம் ஏது, புண்ணியம் ஏது என்பார்கள். ஒரே மூச்சில் படித்துப் புத்தகத்தை மூடி வைப்பவர்களுக்கு அந்தச் சிரிப்பு சுலபம். மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் ஒரு கதையோடு கூடவே நடந்து வந்தவர்களுக்கு அத்தனை சுலபமல்ல. என் தொடர்கதை ஒன்றில் ஒரு சிறுவன் இறந்துபோன வாரம், தம் வீட்டில் அன்றிரவு அடுப்பு மூட்டவில்லை என்று ஒரு வாசகி எனக்கு எழுதியிருந்தார். படித்ததும் முதலில் பெருமையாக இருந்தது. சற்று நேரம் கழித்து என்னவோ போல் இருந்தது.

அந்த வாசகியின் இடத்தில் இப்போது சில வருஷங்களாக நான் இருக்கிறேன். என்னை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது ஓர் அமெரிக்கச் சித்திரக் கதை. அதிலும் விஞ்ஞானக் கற்பனைக் கதை. ‘ஸாகா’ என்பது அதன் பெயர். எழுதுபவர் பிரையன் கே. வான். சித்திரம் தீட்டுபவர் கானடாவைச் சேர்ந்த பியோனா ஸ்டேப்பிள்ஸ் என்ற பெண்மணி. 2012 மார்ச் மாதத்தில் முதல் இதழ் வந்தது. கதை இன்னும் முடிந்தபாடில்லை.

சித்திரக் கதை என்றதும் முகம் சுளிக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது, அதைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்த பிள்ளைகள் இன்று தாத்தாக்கள் ஆகிவிட்டார்கள். அவர்களே தங்கள் பேரன் கையில் அப்படி ஒரு புத்தகத்தைக் கண்டால், “உருப்படியாக ஏதாவது படியேன்டா” என்கிறார்கள். அவர்களோடு வாதாட இது இடமல்ல. கதையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு அவர்கள் பாடு.

லாண்ட்ஃபால் என்று ஒரு பெரிய கிரகம். அதைச் சுற்றி வருகிற சந்திரனுக்கு ரீத் என்று பெயர். கிரகத்தில் இருப்பவர்களுக்கு முதுகில் சிறகு. சந்திரனில் இருப்பவர்களுக்குத் தலையில் கொம்பு. இரு சாராருக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை. ஆனால் ஒன்றை அழித்தால் மற்றொன்று தன் பாதையிலிருந்து விலகி அண்டவெளியில் எங்கேயோ போய்விடும். ஆகவே மகா புத்திசாலித்தனமாக ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். சண்டையை நிறுத்துவதில்லை, சண்டையை வெளியூருக்கு அனுப்பிவிடுகிறார்கள். இவர்களுடைய பகைக்காக, இவர்கள் முகத்தையே பார்த்தறியாத வேறு கிரகத்து ஜனங்கள் சாகிறார்கள். லாண்ட்ஃபாலின் வீதிகளில் மாலை வேளையில் மக்கள் நிம்மதியாக உலாவுகிறார்கள். இதைப் புரிந்துகொள்ள ராக்கெட் ஏறிப் போகவேண்டியதில்லை. 1950-லிருந்து 1953 வரை கொரியாவில் நடந்ததையும் அதன் பின் வியட்நாமில் நடந்ததையும் நினைத்துப் பார்த்தால் போதும். பெரிய வீட்டுக்காரர்கள் இருவருடைய சண்டையில் தீப்பற்றி எரிந்தது ஏழையின் கூரை.

இந்தப் போரில் சிறகுள்ள அலானா ஒரு சிறைக் காவலாளி. கொம்புள்ள மார்க்கோ அவளிடம் கைதி. இருவரும் காதலித்து ஓடிவிடுகிறார்கள். கதை தொடங்கும் முதல் பக்கத்திலேயே அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. ஹேஸல் என்று பெயர் வைக்கிறார்கள். அதற்குச் சிறகும் உண்டு, கொம்பும் உண்டு. எதிரிகள் இருவரும் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு அந்தக் குழந்தையே சாட்சி. அந்தச் சாட்சியை உயிரோடு விட்டுவைக்க இரண்டு அரசாங்கங்களுக்கும் மனமில்லை. பிடிக்க ஆட்கள் புறப்படுகிறார்கள். அதன் பிறகு ஒரே ஓட்டந்தான்.

இவ்வளவும் பழைய காதல் கதைதானே என்று நீங்கள் கேட்கலாம். பழைய கதைதான். ஆனால் அதைச் சொல்கிற குரல் புதிது. வளர்ந்து பெரியவளாகிவிட்ட ஹேஸலே தன் குழந்தைப் பருவத்துக் கதையைச் சொல்கிறாள். அவள் பேச்சு கட்டத்துக்குள் அச்செழுத்தில் வருவதில்லை. ஸ்டேப்பிள்ஸ் அம்மையார் தம் கையெழுத்தில் படத்தின் மேலேயே எழுதிவிடுகிறார். பள்ளிக்கூடத்துப் பெண் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் கிறுக்கி வைத்தாற்போல் இருக்கும். பாதி உடம்பைக் கண்ணிவெடியில் இழந்து ஆவியாக அலைகிற ஒரு பெண் இரவு நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். மரமாக வளர்ந்த ராக்கெட் ஒன்று இருக்கிறது. எதிரில் இருப்பவர் பொய் சொன்னால் உடனே ‘பொய்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிற ஒரு பெரிய பூனை இருக்கிறது. (எழுத்தாளர் சங்கக் கூட்டங்களுக்கு அந்தப் பூனையை அழைத்து வந்தால் தேவலை என்று எனக்குப் பல முறை தோன்றியதுண்டு.)

இந்த வேடிக்கைகளுக்காக மட்டும் நான் அதைப் படிக்கவில்லை. நாலைந்து கொலைகாரர்கள் துரத்திக்கொண்டிருக்கும்போது கூட, அந்த வீட்டில் யார் வேலைக்குப் போவது, குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, மாமியாரோடு எப்படிக் காலந்தள்ளுவது என்ற பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது. அலானா முகமூடி போட்டுக்கொண்டு நாடகத்தில் நடிக்கப் போகிறாள்; மார்க்கோ குழந்தையோடு வீட்டில் இருக்கிறான். அலுப்பு வருகிறது; சந்தேகம் வருகிறது; அவளுக்கு ஒரு போதைப் பழக்கமும் வந்து சேர்கிறது. இனிமேல் யார் மேலும் கை ஓங்குவதில்லை என்று விரதம் பூண்ட முன்னாள் சிப்பாய் மார்க்கோ, ஒரு நாள் சச்சரவில் கையிலிருந்த மளிகைச் சாமானை மனைவி மேல் வீசிவிடுகிறான். எத்தனையோ குண்டு வீச்சுக்கள் வருகிற அந்தக் கதையில் என்னைத் திடுக்கிட வைத்தது அந்த மளிகைச் சாமான்தான். குண்டு எங்கோ விழுகிறது. மளிகைச் சாமான் நம் வீட்டில் விழுகிறது.

அமெரிக்க நூலக சங்கத்தார் வருஷந்தோறும் ஒரு பட்டியல் வெளியிடுகிறார்கள். எந்தப் புத்தகங்களை நூலகத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அதிகம் பேர் முறையிட்டார்கள் என்ற விவரம் அதில் இருக்கும். 2014-ஆம் வருஷப் பட்டியலின் முதல் பத்தில் ‘ஸாகா’ இருந்தது. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அது குடும்பத்துக்கு விரோதமானது என்பது! தாயும் தகப்பனும் ஒரு பெண் குழந்தையைக் காப்பாற்ற அண்டம் முழுவதும் ஓடுகிற கதைக்கு இந்தப் பட்டம். முதல் இதழின் மேலட்டையிலேயே அலானா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் முறையிட்டவர்களின் மற்றக் காரணங்களை நான் கேலி செய்யமாட்டேன். அந்தப் புத்தகத்தில் உடலுறவுக் காட்சிகள் ஒளிவு மறைவின்றி வரையப்பட்டிருக்கின்றன. வசை மொழிக்குப் பஞ்சமில்லை. பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் அதை நான் கொடுக்கமாட்டேன். என் வீட்டில் அது மேல் தட்டில்தான் இருக்கிறது. கணவனும் மனைவியும் தழுவிக்கொள்கிற பக்கத்துக்காகக் கூச்சப்படுகிற நாம், ஒருவன் தலை சிதறுகிற பக்கத்தைக் கூச்சமில்லாமல் புரட்டிவிடுகிறோமே, அது ஏன் என்று அந்த ஆசிரியர்கள் நம்மைக் கேட்காமல் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இருந்தாலும் சில பக்கங்களில், கேள்வி கேட்பதற்காக அல்ல, கேட்க முடிகிறதே என்ற உற்சாகத்துக்காகவே வரைந்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

என் மனத்தை உண்மையில் இரண்டாகப் பிளந்தது அதுவல்ல. 2018 ஜூலையில் 54-ஆம் இதழ் வந்தது. அதன் கடைசியில் மார்க்கோ இறந்துபோகிறான். வில் என்ற பெயருடைய கூலி வேட்டைக்காரன் ஒருவன் அவனைக் கொல்கிறான். கதையின் இரு கண்களில் ஒரு கண் போயிற்று. சரி, அடுத்த மாதம் என்ன ஆகிறதென்று பார்ப்போம் என்றால், அடுத்த மாதம் இல்லை. ஆசிரியரும் ஓவியரும் குறைந்தது ஒரு வருஷம் ஓய்வு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு வருஷம் மூன்றரை வருஷமாக நீண்டது. 2022 ஜனவரியில்தான் 55-ஆம் இதழைக் கண்ணால் கண்டோம்.

வீட்டில் பிணத்தைக் கிடத்திவிட்டு வெளியூர் போனவரைப் பற்றி நாம் என்ன சொல்வோம்? நானும் அதைத்தான் சொன்னேன். ஆத்திரம் தணிந்து யோசித்தபோது வேறு சில விஷயங்களும் தென்பட்டன.

அமெரிக்காவின் பெரிய சித்திரக் கதைக் கம்பெனிகளில் பாத்திரங்கள் கம்பெனிக்குச் சொந்தம். ஓவியர் களைத்துப் போனால் இன்னோர் ஓவியர் வந்து உட்காருவார், கடையை மூடுவதில்லை. இந்த வழக்கம் பிடிக்காத ஓவியர்கள் சிலர் சேர்ந்து 1992-ல் இமேஜ் காமிக்ஸைத் தொடங்கினார்கள். ‘ஸாகா’ அங்கேதான் வெளியாகிறது. எழுதியவருக்கும் வரைந்தவருக்குமே அது சொந்தம். 54 இதழ்கள், ஆயிரம் பக்கங்களுக்கு மேல், ஒரே பெண்மணி வரைந்திருக்கிறார். அந்தக் கையின் குணத்துக்காகத்தான் நாம் படிக்கிறோம். அந்தக் கைக்கு வலிக்கும்போது மட்டும் அது யந்திரமாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? வாரப் பத்திரிகைக்கு எழுதுகிறவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். காய்ச்சலோடு எழுதிய அத்தியாயத்தில் கதாநாயகனுக்கும் காய்ச்சல் வந்துவிடுகிறது!

ஆகவே காத்திருக்க வைத்தது குற்றமல்ல. கொன்றுவிட்டுக் காத்திருக்க வைத்தார்களே, அதுதான் என் வழக்கு. அந்தச் சாவு கதைக்குத் தேவைப்பட்டதா, அல்லது மூன்றரை வருஷம் நம்மை மறக்காமல் வைத்திருக்கப் போட்ட தூண்டில் முள்ளா?

தொடர்கதை பிறந்த நாளிலிருந்தே இந்த வழக்கு இருக்கிறது. 1893-ல் கானன் டாயில், ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றார். பத்து வருஷங்கழித்து 1903-ல், அவன் சாகவே இல்லை என்று எழுத வேண்டியதாயிற்று. 1992-ல் சூப்பர்மேனைக் கொன்றார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று அந்த இதழை வாங்கினார்கள். மறு வருஷமே அவன் எழுந்து வந்துவிட்டான். இப்படிப்பட்ட சாவைச் சாவு என்று சொல்வதே தகாது. அது விற்பனை. நம் கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950-லிருந்து 1954 வரை எழுதி முடித்தபோது, அந்தப் பாத்திரம் என்ன ஆயிற்று, இந்தப் பாத்திரம் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு முடிவுரையிலே பதில் சொல்ல வேண்டியிருந்தது. டிக்கன்ஸின் கதை இன்னும் பரிதாபம். ‘எட்வின் ட்ரூட்’ என்ற நாவலைப் பன்னிரண்டு பகுதிகளாகத் திட்டமிட்டு, ஆறு பகுதிகளை எழுதிய நிலையில் 1870-ல் அவரே காலமாகிவிட்டார். சரிபாதி! ‘ஸாகா’வுக்கு வான் சொல்லியிருக்கிற கணக்கு 108 இதழ்கள். 54-ல் அவர்கள் ஓய்வெடுக்கப் போனபோது எனக்கு டிக்கன்ஸின் ஞாபகம் வந்ததில் ஆச்சரியமில்லை. (108 என்ற எண்ணை அவர் எங்கே பிடித்தாரோ! நம் ஊர்ப் பாட்டிமார் பிரதட்சிணம் செய்கிற கணக்கு அது.)

தூண்டிலா, இல்லையா என்பதை அந்தச் சாவு நிகழ்ந்த பக்கத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. அதற்குப் பின் வருகிற பக்கங்களைத்தான் பார்க்க வேண்டும். செத்தவனைக் கதை மறந்துவிடுகிறதா? அவன் இடத்தில் வேறொருவனைச் சௌகரியமாக உட்கார வைத்துவிடுகிறதா? 55-ஆம் இதழை அந்தச் சந்தேகத்தோடுதான் திறந்தேன். கதைக்குள்ளும் மூன்று வருஷம் ஓடியிருந்தது. ஹேஸலுக்குப் பத்து வயது. அலானா விதவை, சந்தையில் சில்லறைச் சரக்கு விற்கிறாள், திருட்டுச் சரக்கும் விற்கிறாள். இறந்துபோன வேறொருவனின் பிள்ளையையும் சேர்த்து வளர்க்கிறாள். அந்தப் பிள்ளையோ வாய் திறந்து பேசுவதே இல்லை. மார்க்கோ எழுந்து வரவில்லை. யாரும் அவனைப் பற்றி ஓயாமல் புலம்பவுமில்லை. சாப்பாட்டுக்கு வழி தேடுகிற அவசரத்தில் துக்கத்தை ஒரு மூலையில் வைத்துவிட்டு, அவ்வப்போது அதில் தடுக்கி விழுகிறார்கள். தகப்பனை இழந்த வீடுகள் அப்படித்தான் இருக்கும். அந்த இதழைப் படித்தபின் மார்க்கோவின் சாவை நான் விற்பனை என்று சொல்லத் தயாராயில்லை.

அப்படியானால் வழக்குத் தள்ளுபடியா? இல்லை. இன்னொரு குறை மிச்சமிருக்கிறது. அது மார்க்கோ ஒருவனைப் பற்றியதல்ல.

இந்தக் கதையில் ஆஸ்வால்ட் ஹைஸ்ட் என்று ஒரு நாவலாசிரியர் வருகிறார். அலானாவையும் மார்க்கோவையும் சேர்த்து வைத்ததே அவர் எழுதிய ஒரு மலிவான காதல் நாவல்தான். மேலுக்குக் காதல் கதை. உள்ளே யுத்தத்துக்கு எதிரான பேச்சு. அவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த மனிதரைத் தேடிப் போய், கலங்கரை விளக்கம் ஒன்றில் கண்டுபிடிக்கிறார்கள். குடிகாரர், வாய்த் துடுக்கு, நல்ல மனசு. எழுதுகிற ஜாதியைச் சேர்ந்தவனாதலால் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம் விழுந்துவிட்டது. கொஞ்ச இதழ்களிலேயே அவரும் போய்ச் சேர்ந்தார். பிறகு குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஆவிப்பெண். ஃபாங் என்ற வால்நட்சத்திரத்தில் ஹேஸலோடு விளையாடிய அகதிக் குடும்பம். பிறக்குமுன்பே மாண்ட தம்பி. எண்ணிக்கொண்டே போகலாம்.

யுத்தம் என்றால் அப்படித்தான் என்று ஆசிரியர் பக்கம் வாதாடுவார்கள். யுத்தத்தில் சாவுக்கு அர்த்தமில்லை, முறையில்லை, நல்லவன் கெட்டவன் என்ற கணக்கில்லை. அதைத்தான் காட்டுகிறார் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படிக்கிற என்னிடம் என்ன நேர்ந்திருக்கிறது தெரியுமா? ஒரு புதிய பாத்திரம் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தால், இது எத்தனை இதழ் தாங்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. பிரியம் வைக்க அஞ்சுகிறேன். அகதி முகாமின் வாசலில் பத்து வருஷம் வேலை பார்த்த குமாஸ்தாவைப் போல, வருகிறவர்களின் பெயரைக் கூட முழுதாகக் கேட்காமல் எழுதிக்கொள்கிறேன். அந்நியனிடத்தில் அன்பு செலுத்து என்று சொல்லத் தொடங்கிய கதை, அந்நியனிடத்தில் முன்ஜாக்கிரதையாக இரு என்று என்னைப் பழக்கிவிட்டிருக்கிறது.

உயிர் சேதத்தை வெறுக்கிற கதையில் உயிர் மலிந்துவிட்டால் அந்த வெறுப்பும் மலிந்துபோகிறது. லாண்ட்ஃபாலின் வீதியில் உலாவுகிறவனுக்கும் தூரத்துச் சாவு பழகிப் போனதால்தானே அந்த யுத்தம் அப்படி நீடிக்கிறது? வாசகனையும் அந்த வீதியில் கொண்டுபோய் விடுவது ஆசிரியரின் நோக்கமாக இருக்க முடியாது. ஒருவேளை அதுவேதான் நோக்கமோ, என்னை எனக்கே காட்டுகிறாரோ என்று சில இரவுகளில் யோசித்ததுண்டு. காலையில் அந்த யோசனை நிற்பதில்லை. அவ்வளவு சுற்றி வளைத்துப் பாராட்ட வேண்டிய அவசியம் அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. சில சாவுகள் எழுத்தாளனின் பழக்க தோஷம். எனக்கும் அந்தத் தொழில் தெரியும். அத்தியாயத்தை எப்படி முடிப்பதென்று தெரியாமல் விழிக்கும்போது, யாராவது ஒருவர் செத்துப்போவது எவ்வளவு பெரிய உபகாரம்!

இவ்வளவு சொன்னபின், ஏன் விடாமல் படிக்கிறாய் என்று என் மனைவி கேட்டாள். அவள் கட்சி, முடியாத கதையைத் தொடவே கூடாது என்பது. 108-ம் வந்த பிறகு மொத்தமாக வாங்கி ஒரு கோடை விடுமுறையில் படித்துவிடலாமே என்றாள். 2012-லிருந்து எழுபது இதழ்களைத் தாண்டி வந்திருக்கிறார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்னும் பாக்கி. நடுநடுவே ஓய்வு வேறு. அந்தக் கோடை விடுமுறை வரும்போது என் கண்ணாடியின் கனம் என்னவாக இருக்குமோ! அதுவுமன்றி, மொத்தமாகப் படிக்கிறவனுக்கு மார்க்கோவின் சாவுக்கும் அதற்கு அடுத்த பக்கத்துக்கும் நடுவே ஒரு தாள்தான் இருக்கும். எனக்கு மூன்றரை வருஷம் இருந்தது. அந்த மூன்றரை வருஷத்தில் அவன் உண்மையாகவே செத்திருந்தான். இந்த அனுபவத்தை 2019-ல் வந்த பெரிய தொகுப்பு எவருக்கும் கொடுக்க முடியாது. ஆகையால் புதிதாகப் படிக்க விரும்புகிறவர்கள் முதல் 54 இதழ்கள் அடங்கிய அந்தத் தொகுப்பை முடித்துவிட்டு, சில மாதங்களாவது சும்மா இருந்து, பிறகு 55-ஐத் திறக்கும்படி சிபாரிசு செய்வேன்.

ஹேஸல் பிழைத்து வளர்ந்து பெரியவளாகிறாள் என்பது முதலிலிருந்தே தெரியும். அவள் குரல்தானே கதையைச் சொல்கிறது. அலானாவைப் பற்றி அப்படி எந்த உறுதியும் எனக்குக் கிடைக்கவில்லை. போன முறை வந்த இதழிலும் அதைத்தான் முதலில் புரட்டிப் பார்த்தேன். இருக்கிறாள்.